டி.வி. தின்ற ஓரம்

நாதஸ்வரம் நின்ற பிறகுதான் வெள்ளைத்துரை இறந்திருப்பது தெரிந்தது.

1987, ஆவணி மாதம். காலை பதினொரு மணி. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரையின் வீட்டில் ஒரே மகள் பொன்னுமணிக்கு நிச்சயதார்த்தம். கம்பத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருடன் தட்டு மாற்றியாகிவிட்டது. வீடியோ விளக்கின் சூட்டில் கூடம் வெந்துகொண்டிருந்தது. நடுவில் நாற்காலியில் வெள்ளைத்துரை தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். அசதியில் கண் அயர்ந்துவிட்டார் என்று நினைத்த பொன்னுமணி அவர் தோளைத் தொட்டாள். தலை தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அப்பா!"

வந்த டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "மாரடைப்பு. மாத்திரை கொடுக்கலையா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் ஒரு சாவைக் குற்றமாக மாற்றியது.

வெள்ளைத்துரைக்கு இரண்டு வருடமாக நெஞ்சுவலி. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை உண்டு. அது ஒரு சின்னத் தகர டப்பாவில் இருக்கும். அவர் எங்கே உட்கார்ந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் அந்த டப்பாவை வைப்பது சுருளியின் பொறுப்பு. சுருளிக்கு முப்பத்தைந்து வயது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெரியம்மாளின் மகன். சின்ன வயதிலிருந்தே முதலாளி வீட்டில் வேலை செய்து வளர்ந்தவன்.

அவன் அப்போது சோடா வாங்கப் போயிருந்தான். கூடையோடு வாசலில் நுழைந்தவனை வெள்ளைத்துரையின் தம்பி ராஜாராம் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா டப்பா?"

"ஸ்டூல்ல வச்சேன் சின்னையா. ஐயா கைப்பக்கந்தான் வச்சேன்."

நாற்காலியின் வலது பக்கம் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது.

டப்பா வேறோர் இடத்தில் கிடைத்தது. சமையலறையை ஒட்டிய சுவர் மாடத்தில், அது எப்போதும் இருக்கிற இடத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"எடுத்தே வரலை. பொய் சொல்றான்!" என்று ராஜாராம் கத்தினார். சுற்றி நின்றவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வாரம் சுருளிக்குக் கேரளத்துத் தோட்டம் ஒன்றில் வேலை வந்தது. போகக்கூடாது என்று வெள்ளைத்துரை தடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் முற்றத்தில் நின்று, "இவரு செத்தாத்தேன் எனக்கு விடுதலை" என்று சுருளி கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமி வந்து சேர்ந்தபோது சுருளியைத் தூணில் கட்டியிருந்தார்கள். அவன் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது.

கோட்டைச்சாமி நாற்பது வயது மனிதர், சத்தம் போடாமல் கேட்பவர். முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னார்.

"எப்ப வச்ச?"

"மாப்ளை வீட்டுக்காரவுக வந்து உக்காந்தப்ப, ஐயா. செம்புல தண்ணியும் டப்பாவும் சேத்துத்தேன் வச்சேன்."

"அப்புறம்?"

"சோடா பத்தாது, வெரசா போயி வாங்கியான்னு ஐயா வீட்டம்மா சொன்னாக. போனேன்."

"நீ வச்சதை யார் பாத்தா?"

சுருளி வலது காதைத் திருப்பிக் கேட்டான். கேள்வி இன்னொரு முறை வந்தது. அவன் கூடத்தில் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தான்.

வெள்ளைத்துரையின் மனைவி ஜக்கம்மாள் சுவரோரம் சுருண்டு கிடந்தார். கோட்டைச்சாமி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, ஸ்டூல்ல டப்பாவைப் பாத்தீகளா?"

"எனக்கு ஒன்னும் ஓடலை தம்பி. மறந்திருப்பான். மறந்துட்டான்னு விட்ருங்க. அவனை அடிக்காதீக."

"மறக்கலை மதினி. வேணும்னு செஞ்சிருக்கான்" என்றார் ராஜாராம்.

"நீங்க எங்க உக்காந்திருந்தீக?"

"அண்ணனுக்குப் பக்கத்துல. எங்களுக்கு நடுவுலதான் ஸ்டூல். டப்பா இருந்தா என் கண்ணுல படாதா?"

அண்ணன் தம்பிக்குள் தோட்டப் பங்கு விவகாரம் ஒன்று முடியாமல் கிடந்ததைக் கோட்டைச்சாமியும் அறிவார்.

மாடத்துக்குப் போய் டப்பாவைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்தார். உள்ளே மாத்திரைகள் இருந்தன. மூடியின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார். சந்தனம். விரலால் தொட்டபோது இன்னும் ஈரப்பசை இருந்தது.

டப்பாவைப் பத்திரப்படுத்திக்கொண்டு சுருளியை ஜீப்பில் ஏற்றினார். கைது என்று எழுதினார். ஆனால் அந்தத் தெருவில் விட்டுவிட்டுப் போனால் அவன் உயிரோடு இருக்கமாட்டான் என்பதும் ஒரு காரணம்.

அடுத்த நாள் காலை பெரியம்மாள் முதல் ஜீப்பில் மலையிலிருந்து இறங்கி வந்தார். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

"சாமி, எம்மவன் வாய் பேசுவான். கை அப்படிச் செய்யாது. அவரு தும்முனாக்கூட இவன் ஓடுவான் சாமி."

"எல்லா ஆத்தாளும் இதைத்தான் சொல்லுவாக" என்றார் காவலர் ஒருவர். கோட்டைச்சாமி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். சந்தனம் அவர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. டப்பா மாடத்தைவிட்டு இறங்கவே இல்லை என்றால் அதில் ஈரச் சந்தனம் எப்படி வந்தது? விருந்தாளிகள் வந்த பிறகுதான் கூடத்தில் சந்தனக் கிண்ணத்தையே எடுத்தார்கள். அப்படியானால் டப்பா கூடத்துக்கு வந்திருக்கிறது. யாரோ அதை மறுபடி மாடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் சுருளி சோடாக் கடையில் நின்றதைக் கடைக்காரரே சொன்னார்.

டாக்டரிடமும் கேட்டார்.

"மாத்திரை இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா?"

"சொல்ல முடியாது. மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். ஆனா அவர் அதைத் தேடியிருப்பார். அது மட்டும் நிச்சயம்."

நிச்சயதார்த்தத்தை வீடியோ எடுத்தவன் பால்பாண்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். அவனைக் கேசட்டோடு கூட்டிக்கொண்டு கோட்டைச்சாமி வெள்ளைத்துரையின் வீட்டுக்குப் போனார். அங்கே கரண்டு ஏறி இறங்காமல் காக்கும் ஸ்டெபிலைசரோடு பெரிய கலர் டி.வி. இருந்தது. ராஜாராமும் ஜக்கம்மாளும் உட்கார, பால்பாண்டி வீடியோ டெக்கை இணைத்து ஓட்டினான்.

முதலில் எழுத்து வந்தது. 'செல்வி பொன்னுமணி நிச்சயதார்த்த விழா.' அதற்குக் கீழே இன்னொரு வரி. அதில் எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது, உடம்பு தெரியவில்லை. கோட்டைச்சாமி படிக்க முயன்று விட்டுவிட்டார்.

பிறகு கூடம் வந்தது. நடுவில் வெள்ளைத்துரை, முழங்கால் வரை. பக்கத்தில் ராஜாராம். ஸ்டூல் படத்தில் இல்லை. சந்தனம் பூசிய கையோடு வெற்றிலை எடுக்க ராஜாராம் ஒருமுறை குனிந்தார். சந்தனக் கிண்ணத்தோடு ஜக்கம்மாள் வந்தார். கேமராவை நிமிர்ந்து பார்த்தார். சேலைக் கரையைச் சரிசெய்வதுபோல் அவரும் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். தட்டு மாறியது. மேளம் உச்சத்துக்குப் போனது. அப்போது வெள்ளைத்துரையின் முகம் சுருங்கியது. வலது கை கீழே இறங்கி, படத்தின் ஓரத்துக்கு வெளியே போய் மறைந்தது. தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதையோ துழாவுகிற அசைவு. வாய் திறந்து ஏதோ சொன்னது. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

"'சுருளி'ங்குறாரு. உதட்டைப் பாருங்க" என்றார் ராஜாராம். "சாகும்போது பேரைச் சொல்லியே காட்டிக் குடுத்திருக்காரு."

பொன்னுமணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜக்கம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டைச்சாமிக்கு இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் சந்தனம். இரண்டு பேரும் ஸ்டூல் பக்கம் குனிந்தவர்கள். கை என்ன செய்தது என்பது மட்டும் படத்துக்கு வெளியே இருந்தது.

"கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று படியில் இறங்கும்போது பால்பாண்டியிடம் அலுத்துக்கொண்டார்.

"இறக்கித்தான் சார் பிடிச்சேன்" என்றான் பால்பாண்டி.

கோட்டைச்சாமி அதைக் காதில் வாங்கினார். ஆனால் யோசிக்கவில்லை.

பிற்பகல் அவனுடைய ஸ்டுடியோவுக்குப் போனார். இன்னொரு தடவை பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று ஒரு நம்பிக்கை. பால்பாண்டியின் டி.வி. சின்னது, ஸ்டெபிலைசர் கிடையாது. கேசட் ஓடத் தொடங்கியது. 'செல்வி பொன்னுமணி நிச்சயதார்த்த விழா.' கீழே அதே அரைகுறை வரி. அந்தச் சமயம் பார்த்துக் கரண்டு தணிந்தது. மேலே ஓடிய மின்விசிறி முனகியது. திரை மங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கியது. சுற்றிலும் கறுப்புக் கரை விழுந்தது. கீழ் வரி முழுசாகத் தெரிந்தது.

'வீடியோ: பால்பாண்டி, போடி.'

கரண்டு மறுபடி ஏறியது. படம் விரிந்தது. வரியின் உடம்பு காணாமல் போனது.

கோட்டைச்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

"இப்ப உன் பேரு முழுசா வந்துச்சே?"

"கரண்டு கம்மியானா அப்படித்தான் சார். படம் சுருங்கிப்போகும்."

"சுருங்கினா இருக்கிறதுதானே சின்னதாத் தெரியணும். இல்லாத வரி எங்கேருந்து வந்துச்சு?"

"இல்லாத வரி இல்ல சார். கேசட்டுல இருக்கு. டி.வி.தான் காட்டாது. எல்லா டி.வி.யும் ஓரத்தைக் கொஞ்சம் தின்னுரும். கம்பெனியில திரைக் கண்ணாடி அளவைவிடப் படத்தைக் கொஞ்சம் பெருசா வச்சுத்தான் அனுப்புறாக. இல்லாட்டி கரண்டு கொறையுறப்பல்லாம் இப்படிக் கறுப்பு விழும்ல. பாக்குறவுக டி.வி. கெட்டுப்போச்சும்பாக."

"நீ கேமராக் கண்ணுல பாக்கும்போது?"

"அதுல முழுசாத் தெரியும்."

"அப்ப நீ எடுத்தது, வீட்டுல பாத்ததைவிடப் பெரிய படம்."

"ஆமா சார்."

"அதைச் சுருக்கிக் காட்டு. கரண்டு கொறையுற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது."

பால்பாண்டி டி.வி.யின் முதுகு மூடியைக் கழற்றினான். உள்ளே உயரத்துக்கென்று இருந்த சின்னத் திருகைப் பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் திருப்பினான். படம் மேலிருந்தும் கீழிருந்தும் ஒடுங்கியது. முகங்கள் அமுக்கிய பூசணிக்காய்போல் பரந்தன.

"அகலத்தையும் கொறச்சாத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கும். அதுக்கு உள்ள கம்பி சுத்துன காயில்ல கை வைக்கணும்."

"வை."

அவன் வைத்தான். முகங்கள் பழையபடி முகங்களாயின. நாலு பக்கமும் கறுப்புக் கரைக்கு நடுவே முழுப்படம் நின்றது. அடி விளிம்பில் மட்டும் கிழிந்த துணிபோல் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. கேசட்டில் அது அப்படித்தான் இருக்கும் என்று பால்பாண்டி சொன்னான்.

அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, வலது கைப் பக்கம், ஸ்டூலின் பலகை தெரிந்தது.

இருவரும் பார்த்தார்கள். பால்பாண்டி பிளாஸ்டிக் குச்சியைக் கீழே வைத்தான்.

"சார், நான்தான்..." என்றான். "நான்தான் சார் சொன்னேன். இப்பத்தான் நினைப்பு வருது. எல்லா வீட்டுலயும் சொல்ற மாதிரிதான் சொன்னேன். செருப்பை எடுங்க, விளக்குமாத்தை எடுங்கன்னு சொல்ற மாதிரி."

"புரியுது. நாளைக்குக் காலையில வா. மூடியைக் கழட்டுற சாமானெல்லாம் கொண்டா."

மறுநாள் காலை வெள்ளைத்துரையின் வீட்டில் அதே கூடம். ராஜாராம், ஜக்கம்மாள், பொன்னுமணி. சுவரில் புதுப் படத்துக்கு மாலை. வீட்டு டி.வி.யைத் திருப்பிப் போட்டுப் பால்பாண்டி சரிசெய்து முடித்தான். கோட்டைச்சாமி உட்காரவில்லை.

"சுருளி டப்பாவை எடுத்து வரவே இல்லைன்னு சொன்னீக. அதுல ஈரச் சந்தனம் இருந்துச்சு. அப்பவே அது கூடத்துக்கு வந்ததுன்னு தெரியும். யார் திருப்பிக் கொண்டுபோனதுன்னுதான் தெரியலை. இப்பப் பாருங்க."

படம் ஓடியது. ஸ்டூல், செம்பு, செம்புக்குப் பக்கத்தில் தகர டப்பா.

"இந்தா இருக்கே!" என்றார் ராஜாராம். திரையில் அவரே குனிந்தார். அவர் கை தாம்பாளத்திலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு திரும்பியது. டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

ஜக்கம்மாள் வந்தார். கேமராவைப் பார்த்தார். குனிந்தார். கண்ணாடி வளையல் போட்ட கை டப்பாவை எடுத்து முந்தானைக்குள் சுருட்டியது. நிமிர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு செம்பு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கை மேலிருந்து இறங்கியது. பலகையைத் தடவியது. செம்பைத் தள்ளியது. மறுபடியும் தடவியது.

"நிறுத்துய்யா" என்றார் கோட்டைச்சாமி.

பால்பாண்டி படத்தை அப்படியே நிறுத்தினான்.

"டப்பாவை எடுத்தது நீங்கதாம்மா. கொல்றதுக்கு எடுக்கலை. சம்பந்தி வீட்டுக்கு உங்க வீட்டுக்காரர் சீக்காளின்னு தெரியக்கூடாது. நாளைக்கு அவங்க வீட்டுல வீடியோ போட்டுப் பாப்பாக, அதுல மருந்து டப்பா தெரியக்கூடாது. அம்புட்டுத்தான?"

ஜக்கம்மாள் தலையசைத்தார்.

"அந்தத் தம்பி, கீழ ஏதோ மருந்து டப்பா தெரியுதும்மான்னுச்சு. எடுத்து முடிஞ்சுக்கிட்டேன். தட்டு மாத்துனதும் வச்சிரலாம்னு இருந்தேன். சம்பந்தியம்மா கூப்புட்டாக, பூ வைக்கச் சொன்னாக, மறந்தே போனேன். அவரு சாஞ்சப்பதான் மடியில கனம் தெரிஞ்சுச்சு."

"மாடத்துல ஏன் வச்சீக?"

"சுருளி மறந்துட்டான்னு ஆயிரும்னு நினைச்சேன். ரெண்டு ஏச்சோட போயிரும்னு நினைச்சேன். இம்புட்டுத் தூரம் போகும்னு நினைக்கலை தம்பி. அவனைத் தூண்ல கட்டுனப்ப வாயைத் திறந்தேன். சத்தம் வரலை."

"அவனை அடிச்சது நான், மதினி" என்றார் ராஜாராம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணன் சாவுல என்னையச் சந்தேகப்படுவாகளோன்னு ஒரு பயம். அதான் முந்திக்கிட்டேன்."

பொன்னுமணி அழவில்லை. "உங்களை யாரும்மா அப்பா நோயாளிங்கிறதை மறைக்கச் சொன்னது? எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

கோட்டைச்சாமி வாக்குமூலத்துக்காகத் தாளை எடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது என்று நினைத்த பால்பாண்டி டி.வி.க்குப் பின்னால் போய்த் திருகுகளைப் பழையபடி திருப்பத் தொடங்கினான். திரையில் நின்றுபோயிருந்த படம் மெல்ல விரிந்தது. கறுப்புக் கரை மறைந்தது. ஸ்டூலின் பலகை கீழே நழுவி, துழாவிய கை மணிக்கட்டோடு நழுவி, இரண்டும் இல்லாமல் போயின.

ஜக்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"சொல்லுங்கம்மா."

"சம்பந்தி வீட்டு டி.வி.யும் இப்படித்தான் காட்டுமா?"

பால்பாண்டி தலையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கோட்டைச்சாமி அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"அப்ப டப்பா அங்கேயே இருந்திருந்தாலும்..." என்றார் ஜக்கம்மாள். "அங்கேயே இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காதா?"

கோட்டைச்சாமிக்குப் பல குற்றவாளிகளிடம் உண்மையைச் சொல்லிப் பழக்கம். பொய் சொல்ல நினைத்த ஒரே தடவை அதுதான். பொய் வரவில்லை.

"தெரிஞ்சிருக்காதும்மா."

ஜக்கம்மாள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையை எடுத்து விரித்து, அதில் எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொன்னதற்கும் மறைத்ததற்கும் அவர் மேல் வழக்கு எழுதியாயிற்று. சுருளியை அடித்ததற்கு ராஜாராம் மேலும் எழுதியாயிற்று. மத்தியானத்துக்குள் சுருளி வெளியே வந்தான். இடது காது கேட்கவில்லை. திரும்ப வருமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

ஸ்டேஷன் வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஜக்கம்மாள் நின்றிருந்தார். எல்லாவற்றையும் உரத்த குரலில் சொன்னார். சுருளியின் வலது பக்கம் நின்று சொன்னார். பெரியம்மாள் மகனின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

"ஐயா கடைசியா என்னையவா கூப்புட்டாரு?" என்று சுருளி கேட்டான்.

"உன்னையத்தான்யா. மாத்திரைக்குத்தான் கூப்புட்டாரு. அதைத்தான் நாங்க மாத்திச் சொன்னோம்." அவர் கை கூப்பினார். "வீட்டுக்கு வா சுருளி. இனி நீதான் இருக்கணும். கேக்குறதைச் செய்யுறேன்."

போடிமெட்டு ஜீப்புக்காரர் ஆள் கூப்பிடும் சத்தம் தெருமுனையிலிருந்து கேட்டது. சுருளி பெரியம்மாளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வரலை அம்மா. உங்க மேல கோவம் இல்லை. ஆனா இனிமே அந்த வீட்டுல யாருக்கு நெஞ்சு வலிச்சாலும், எல்லாரும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பீக."

அவனும் பெரியம்மாளும் ஜீப்பில் ஏறினார்கள். தோட்டத்து ஆட்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. ஜீப்பு மலையடிவார முந்தல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக் கிளம்பியது.